பதினோரு படுக்கையில் தொடங்கிய கணக்கு

பி.காம். படிக்கும் எல்லோரும் ஏதாவது ஒரு பருவத்தேர்வில் கட்டாயம் எழுதும் கேள்வி ஒன்று உண்டு. "திட்டமிடல் என்றால் என்ன? அதன் படிநிலைகளை விளக்குக." குறிக்கோளை நிர்ணயித்தல், சூழலை ஆராய்தல், மாற்று வழிகளைக் கண்டறிதல், அவற்றில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்தல், செயல்படுத்துதல், பின்தொடர்தல். ஆறு வரி, மேலே கீழே ஒரு முன்னுரை முடிவுரை. மதிப்பெண் வந்துவிடும். தேர்வு முடிந்த மறுநாளே மறந்தும் போய்விடும்!

பெரிய கம்பெனிகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் "எங்கள் நோக்கம்" என்று பொன்னெழுத்தில் மாட்டியிருப்பார்கள். அதன் கீழே உட்கார்ந்திருக்கும் ஊழியரிடம் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

அப்படியானால் நோக்கம், திட்டம் எல்லாம் வெறும் காகிதம்தானா? ஒரு நோக்கத்துக்காகவே ஒரு நிறுவனத்தைக் கட்டி எழுப்ப முடியாதா? முடியும் என்பதற்கு மதுரையிலேயே சாட்சி இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனை. தென் தமிழ்நாட்டில் பலருக்கு அது தாத்தாவுக்கோ பாட்டிக்கோ கண் ஆபரேஷன் நடந்த இடம். வணிகவியல் மாணவர்களுக்கு அது வேறு விதத்திலும் முக்கியமான இடம். 1993 முதலே ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் அந்த மருத்துவமனையைப் பற்றிப் பாடம் நடத்திவருகிறது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியை அமெரிக்காவில் படிக்கிறார்கள். இங்கே அதன் வாசலைத் தாண்டிக் கல்லூரிக்குப் போய் அமெரிக்கக் கம்பெனிகளைப் படிக்கிறார்கள்!

ஓய்வு பெற்றபின் தொடங்கிய வேலை

கோவிந்தப்ப வெங்கடசாமி 1918இல் எட்டயபுரம் அருகே வடமலாபுரம் என்ற சிற்றூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். உறவுப் பெண்கள் பிரசவத்தில் அடுத்தடுத்து இறந்ததைச் சிறுவயதில் பார்த்தவர். அதனால் மகப்பேறு மருத்துவர் ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டார். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று ராணுவ மருத்துவராகவும் சேர்ந்தார். ஆனால் கடுமையான முடக்குவாதம் தாக்கி, நெடுநாள் படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணிப்போயின. பிரசவம் பார்க்கும் கனவு அதோடு முடிந்தது.

வேறொருவராக இருந்தால் மருத்துவத்தையே விட்டிருப்பார். அவர் கண் மருத்துவம் படித்தார். கோணிய விரல்களால் கத்தி பிடிக்கப் பழகினார். தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளை அந்த விரல்களால் செய்தார்.

மதுரை அரசு மருத்துவமனையில் கண் பிரிவுத் தலைவராக இருந்தவர், 1976இல் 58 வயதில் ஓய்வு பெற்றார். அந்த ஆண்டே அண்ணாநகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அரவிந்தரிடம் கொண்ட பக்தியால் அவர் பெயரையே வைத்தார். வங்கிக் கடன் கிடைக்கவில்லை. வீடு அடமானத்துக்குப் போனது, குடும்பத்து நகைகள் அடகுக்குப் போயின. தங்கை நாச்சியார், அவர் கணவர் நம்பெருமாள்சாமி என்று கண் மருத்துவர்களாக இருந்த குடும்பத்தினர் கூட வந்து நின்றார்கள்.

இதுவரை படித்தால் ஒரு தியாகக் கதை போலத்தான் இருக்கிறது. தியாகம் செய்தவர்கள் நாட்டில் நிறையப் பேர் உண்டு. அவர்கள் தொடங்கிய பல நிறுவனங்கள் அவர்களோடு சேர்ந்தே கண்ணை மூடின. இது மட்டும் ஏன் வளர்ந்தது? அங்கேதான் திட்டமிடல் வருகிறது.

ஒரு சொல்லில் இருக்கும் திட்டம்

அரவிந்தின் நோக்கம், "தேவையற்ற பார்வையின்மையை ஒழிப்பது". இதில் கவனிக்கவேண்டிய சொல் "தேவையற்ற".

"பார்வையின்மையை ஒழிப்போம்" என்று மட்டும் எழுதியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். ஆனால் எங்கே தொடங்குவது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. எல்லாப் பார்வையிழப்பையும் சரிசெய்ய இன்றைய மருத்துவத்தாலும் முடியாது. "தேவையற்ற" என்ற சொல்லைச் சேர்த்தவுடன் வேலைக்கு ஓர் எல்லை கிடைக்கிறது. அன்றைய இந்தியாவில் பார்வையிழப்புக்கு முதல் காரணம் கண்புரை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போகும் நோய் அது. அதற்கு அறுவை சிகிச்சை உண்டு. செய்தால் பார்வை திரும்பும். அப்படியிருந்தும் ஒருவர் இருட்டிலேயே கிடக்கிறார் என்றால் அதுதான் தேவையற்ற பார்வையின்மை.

இப்போது நோக்கத்தை எண்ண முடியும். இத்தனை பேருக்குக் கண்புரை, இத்தனை பேருக்கு ஆபரேஷன் முடிந்தது, இத்தனை பேர் பாக்கி. எண்ணத் தொடங்கியவுடன் அடுத்த கேள்வி தானாக வரும். பாக்கி இருப்பவர்களுக்கு ஏன் நடக்கவில்லை? எது தடுக்கிறது?

அரவிந்தின் கதை முழுவதும் இந்த ஒரே கேள்விதான். ஒவ்வொரு முறையும் பதில் மாறியது. பதில் மாறியபோதெல்லாம் திட்டமும் மாறியது. நோக்கம் மட்டும் மாறவில்லை.

முதல் தடை: மருத்துவரின் நேரம்

பணம்தான் முதல் தடை என்று தோன்றும். உண்மையில் அதைவிடப் பெரிய தடை மருத்துவரின் நேரம். கண் மருத்துவர்கள் குறைவு, நோயாளிகள் லட்சக்கணக்கில். ஒரு மருத்துவரின் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நேரம் அவர் உண்மையில் அறுவை செய்கிறார்? நோயாளியைக் கொண்டுவர, படுக்கவைக்க, கண்ணைச் சுத்தம் செய்ய, கருவிகளை எடுத்துவைக்க, முடிந்தபின் கட்டுப்போட என்று மீதி நேரம் கரைந்துவிடுகிறது.

டாக்டர் வெங்கடசாமிக்கு மெக்டொனால்ட்ஸ் ஹாம்பர்கர் கடைகள் மீது ஓர் ஆச்சரியம் இருந்தது. பர்கர் மீது அல்ல! ஒரே தரத்தில், ஒரே முறையில், ஆயிரக்கணக்கான இடங்களில், சாதாரண இளைஞர்களைப் பயிற்றுவித்து ஒரு பொருளைத் தர முடிகிறதே, கண் சிகிச்சையை ஏன் அப்படித் தர முடியாது என்று யோசித்தார்.

அதன் விளைவை இன்றும் அரவிந்தின் அறுவை அரங்கில் பார்க்கலாம். ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். ஒன்று முடிந்ததும் மைக்ராஸ்கோப் இந்தப் பக்கம் திரும்பும். மற்ற வேலைகளைப் பார்ப்பது கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுக்கப்பட்ட இளம்பெண்கள். பள்ளிப் படிப்பு முடித்து வந்த அவர்கள்தான் பார்வையைச் சோதிக்கிறார்கள், நோயாளியிடம் பேசிப் பயத்தைப் போக்குகிறார்கள், அறுவையில் மருத்துவருக்குத் துணை நிற்கிறார்கள். ஊழியர்களில் பெரும்பகுதி அவர்களே. இதனால் அங்கே ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்ய முடிகிறது. நாட்டில் சராசரியாக ஒரு கண் மருத்துவர் செய்வது சில நூறுதான்.

இலவசம் எப்படிக் கட்டுப்படியாகும்?

"பாதிப் பேருக்கு மேல் இலவசம் அல்லது மிகக் குறைந்த கட்டணம் என்றால் நஷ்டம் வராதா?" என்ற கேள்வி எழும். இங்கே காஸ்ட் அக்கவுண்டிங் நோட்டைத் திறக்க வேண்டும். கீழே உள்ள எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை மட்டுமே.

ஓர் அறுவை அரங்குக்கு ஒரு நாளைக்கு நிலையான செலவு 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். சம்பளம், கருவி, கட்டடம் எல்லாம் அதில் அடக்கம். ஒவ்வொரு அறுவைக்கும் மாறுபடும் செலவு 1,000 ரூபாய்.

ஒரு நாளைக்கு 20 அறுவை செய்தால், ஒன்றுக்கு அடக்கவிலை 6,000 ரூபாய். எல்லோரிடமும் 6,000 வாங்கினால் வரவுக்கும் செலவுக்கும் சரியாகப் போகும். ஒரே ஒருவருக்கு இலவசமாகச் செய்தாலும் நஷ்டம்.

அதே அரங்கில் 100 அறுவை செய்தால்? மொத்தச் செலவு 2,00,000. ஒன்றுக்கு 2,000தான். இதில் 40 பேர் அதே 6,000 கொடுத்தால் வரவு 2,40,000. மீதி 60 பேருக்கு இலவசமாகச் செய்த பிறகும் 40,000 ரூபாய் மிச்சம்!

வகுப்பில் கரும்பலகையில் போடும் அதே பிரேக்-ஈவன் படம்தான் இது. எண்ணிக்கை கூடினால் அடக்கவிலை இறங்கும். 20 அறுவையில் ஒருவருக்குக்கூட இடமில்லாத இரக்கத்துக்கு, 100 அறுவையில் 60 பேருக்கு இடம் கிடைக்கிறது. இப்படித்தான் அரவிந்த் தன் அன்றாடச் செலவுக்கு நன்கொடையை எதிர்பார்க்காமல் நடந்தது. 1978இல் ஏழைகளுக்காக 70 படுக்கைகள், 1981இல் 250 படுக்கைகள் கொண்ட பெரிய கட்டடம், பிறகு தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி என்று வளர்ந்தது.

இன்னொரு முக்கியமான முடிவும் உண்டு. பணம் கட்டுவதா, இலவசமா என்பதை நோயாளியே தீர்மானிக்கலாம். வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. கட்டணப் பிரிவில் தனியறை, குளிர்சாதனம் போன்ற வசதிகள் இருக்கும். இலவசப் பிரிவில் பாய் விரித்திருக்கும். ஆனால் மருத்துவர்கள் இரண்டு பிரிவிலும் மாறி மாறி வேலை செய்வார்கள். இங்கே கத்தி பிடித்த கைதான் அங்கேயும் பிடிக்கும். வசதியில் வித்தியாசம் இருக்கலாம், சிகிச்சையில் இருக்கக்கூடாது என்பது விதி.

அந்த விதிக்கு வந்த சோதனை

1980களில் கண்ணுக்குள்ளேயே வைக்கும் செயற்கை லென்ஸ் வந்தது. அதற்கு முன் புரையை எடுத்தபின் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. கண்ணாடி உடைந்தால் மறுபடி இருட்டு. புதிய லென்ஸ் வைத்தால் பார்வை ஏறக்குறைய பழையபடி கிடைக்கும். ஆனால் இறக்குமதி லென்ஸ் ஒன்றின் விலை சுமார் 100 டாலர்.

இப்போது என்ன செய்வது? பணம் உள்ளவருக்கு லென்ஸ், இல்லாதவருக்குக் கண்ணாடி என்று விட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மற்ற இடங்களில் அப்படித்தான் நடந்தது. ஆனால் சிகிச்சையில் வித்தியாசம் கூடாது என்ற விதி அன்றோடு செத்திருக்கும்.

"எது தடுக்கிறது?" என்ற கேள்விக்கு இம்முறை பதில், லென்ஸின் விலை. ஒரு மருத்துவமனைக்குத் தொழிற்சாலை நடத்திப் பழக்கம் இல்லை. இவ்வளவு நுட்பமான பொருளை வளரும் நாட்டில் தரமாகச் செய்ய முடியாது என்று சொன்னவர்களும் உண்டு. ஆனாலும் 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கப்பட்டது. வெளிநாட்டு நண்பர்கள் தொழில்நுட்பத்துக்கு உதவினார்கள். லென்ஸ் விலை சுமார் 10 டாலருக்கு வந்தது, பின்னர் அதைவிடவும் இறங்கியது. இன்று அந்த லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

லாபம் மட்டுமே குறியாக இருந்தால் இந்த முடிவை எடுக்கவேண்டிய அவசியமே இல்லை. நோக்கம் ஒரு நிறுவனத்தை என்ன செய்யவைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

நோயாளியே வரவில்லை!

மருத்துவர் தயார், மேசை தயார், லென்ஸ் தயார். எல்லாம் இலவசம். கூட்டம் அலைமோத வேண்டுமல்லவா? அப்படி நடக்கவில்லை.

கிராமங்களில் கண் முகாம் போட்டு, ஆபரேஷன் தேவை என்று சொல்லி அனுப்பினால் பலர் வராமலே இருந்தார்கள். காரணம் கேட்டால் புரிந்தது. சிகிச்சை இலவசம், சரி. பஸ்ஸுக்கு? சாப்பாட்டுக்கு? கூட வருகிறவரின் கூலி போவதற்கு? இலவசம் என்பது ஆஸ்பத்திரி வாசலில்தான் தொடங்குகிறது. ஏழையின் செலவு அவர் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது.

அதன்பின் பஸ், சாப்பாடு, தங்கும் இடம், திரும்பக் கொண்டுவிடுவது எல்லாம் சேர்க்கப்பட்டன. முகாமை நடத்தும் பொறுப்பை உள்ளூர் லயன்ஸ், ரோட்டரி சங்கங்களும் வியாபாரிகளும் கோயில்களும் ஏற்றன. ஊரில் ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பேசினால் பலன் அதிகம் என்பதும் ஓர் ஆய்வில் தெரியவந்தது. ஆயிரம் நோட்டீஸைவிடப் பக்கத்துத் தெருத் தாத்தா "எனக்குத் தெரியுது, நீயும் போ" என்பது பெரிது.

அப்போதாவது திருப்தி அடைந்திருக்கலாம். முகாம்களில் கூட்டம் இருந்தது, எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. ஆனால் 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஒரு கசப்பான உண்மையைச் சொன்னது. முகாம் நடக்கும் கிராமங்களில் கண் பிரச்சினை உள்ள பெரியவர்களில் 100க்கு 7 பேர்கூட முகாமுக்கு வருவதில்லை! பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு என்று பல காரணங்கள்.

இந்த இடம்தான் மிகவும் யோசிக்க வைக்கிறது. பாராட்டும் விருதும் குவியும் நேரத்தில், அந்த ஆய்வில் அரவிந்தைச் சேர்ந்தவர்களும் பங்கெடுத்திருந்தார்கள். வந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் வெற்றி. வராதவர்களையும் எண்ணியதால் தோல்வி தெரிந்தது. தோல்வி தெரிந்ததால் அடுத்த திட்டம் பிறந்தது. 2004 முதல் சிற்றூர்களில் நிரந்தரமான சிறு கண் பரிசோதனை மையங்கள் திறக்கப்பட்டன. பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் அங்கே இருப்பார். தூரத்து மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் கணினித் திரை வழியே நோயாளியிடம் பேசுவார். அத்தகைய மையங்கள் இப்போது 100ஐத் தாண்டிவிட்டன.

ரகசியம் வைக்காத நிறுவனம்

சாதாரண வணிகத்தில் தொழில் ரகசியம் என்பது சொத்து. போட்டியாளருக்குச் சொல்லக்கூடாது. அரவிந்த் என்ன செய்தது? 1992இல் லைகோ என்ற பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கி, மற்றக் கண் மருத்துவமனைகளை அழைத்துத் தன் முறைகளைக் கற்றுக்கொடுத்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் அங்கே கற்றிருக்கின்றன. போட்டியை வளர்த்துவிடும் முட்டாள்தனம் என்று தோன்றலாம். ஆனால் நோக்கம் "அரவிந்தை வளர்ப்பது" என்று எழுதப்படவில்லையே! வேறு மருத்துவமனையில் ஒருவருக்குப் பார்வை வந்தாலும் பாக்கிக் கணக்கில் ஒன்று குறைகிறது.

எல்லாம் சரியாகவே இருந்ததா?

குறைகளே இல்லாத இடமாக இதைக் காட்டுவது சரியாகாது. தனியார் மருத்துவமனைகளில் கிடைப்பதைவிடக் குறைந்த சம்பளம், அதிக வேலை. அதனால் பயிற்சி பெற்றபின் விலகிப்போன மருத்துவர்கள் உண்டு. தலைமைப் பொறுப்புகளில் பெரும்பாலும் நிறுவனரின் குடும்பத்தினரே இருந்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் கண் மருத்துவம் படித்தவர்கள் இத்தனை பேர் இல்லாமலிருந்தால் 11 படுக்கை 11 படுக்கையாகவே இருந்திருக்கலாம். எல்லோருக்கும் அப்படி ஒரு குடும்பம் வாய்க்காது. இந்த முறையை வேறு நோய்களுக்கு அப்படியே எடுத்துப் பயன்படுத்தவும் முடியாது. கண்புரை அறுவை சில நிமிடங்களில் முடியும், உடனே பலன் தெரியும். புற்றுநோய்க்கோ இதயநோய்க்கோ அப்படி இல்லை.

ஆனாலும் ஒரு சோதனையில் அரவிந்த் தேறிவிட்டது. 2006 ஜூலை 7ஆம் தேதி டாக்டர் வெங்கடசாமி மறைந்தார். நிறுவனர் போனதும் நிறுவனம் தடுமாறும் என்பதுதான் வழக்கமான கதை. இங்கே மறுநாளும் மேசைகள் இரண்டாகவே இருந்தன, பஸ்கள் கிராமங்களுக்குப் போயின. 2010இல் ஹில்டன் மனிதநேய விருது கிடைத்தது. இன்று ஆண்டுக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை மற்றும் லேசர் சிகிச்சைகள் நடக்கின்றன. அவருடைய நல்ல மனதை மட்டும் நம்பி நின்றிருந்தால் இது நடந்திருக்காது. அந்த மனம் மேசையாக, விதியாக, பயிற்சியாக, கணக்காக மாற்றி வைக்கப்பட்டிருந்தது.

கல்லூரிக்குள்ளேயே பார்க்கலாம்

இதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்குத்தான் என்று நினைக்க வேண்டியதில்லை. ஒரு கல்லூரியில் இரத்ததானக் குழு தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். "உயிர் காப்போம்" என்று பேனர் அடிப்பது எளிது. பட்டியலில் 300 பேர் பெயர் சேர்ப்பதும் எளிது. ஆனால் இரவு பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் எத்தனை பேர் வருவார்கள்? வராதவர்கள் ஏன் வரவில்லை? வண்டி இல்லையா, விடுதிக் கதவு பூட்டிவிடுகிறதா, ஊசி என்றால் பயமா? 300 என்ற எண்ணை மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள். வராதவர்களின் எண்ணை எழுதிவைத்தால்தான் குழு உருப்படும். விடுதிக் காப்பாளரிடம் முன்கூட்டியே ஓர் அனுமதிக் கடிதம் வாங்கி வைப்பதுதான் அந்தக் குழுவின் வியூகத் திட்டமாக இருக்கக்கூடும். அது பேனரில் போடும் அளவுக்கு அழகாக இருக்காது. ஆனால் ஒரு ராத்திரி யாரோ ஒருவர் பிழைப்பார்.

அடுத்த பருவத்தேர்வில் மறுபடியும் அந்தக் கேள்வி வரும். "திட்டமிடலின் படிநிலைகளை விளக்குக." ஆறாவதாகப் "பின்தொடர்தல்" என்று ஒரு வரி எழுதவேண்டியிருக்கும். வழக்கமாக நேரம் போதாமல் அவசரமாக எழுதும் வரி அது. அடுத்த முறை அந்த வரிக்கு வரும்போது, முகாமுக்கு வராத அந்த 93 பேரை ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டால் நல்லது.